அப்புத்தளை முகட்டில் ஐந்து அறைகள்: பழைய துரை பங்களா ஒன்றில் இரண்டு இரவுகள்

அப்புத்தளை நகரிலிருந்து தம்பேதன்னைப் பக்கமாக ஏறும் தேயிலை மலைகளுக்கு நடுவே, ஒரு காலத்தில் தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரையின் பங்களாவாக இருந்து இப்போது ஐந்தே அறைகள் கொண்ட விடுதியாக நடத்தப்படும் வீடொன்றில், 2024 ஆகஸ்டில் நானும் அம்மாவும் இரண்டு இரவுகள் தங்கினோம். அம்மாவுக்கு வயது 68. அதே மலைத்தொடரின் மறுபக்கத்துத் தோட்டமொன்றில் 37 வருடங்கள் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்றவர். தமது தோட்டத்துத் துரை பங்களாவின் குசினி வாசல் வரைக்கும் அவர் போயிருக்கிறார். ஒரு பங்களாவுக்குள் முன்வாசலால் நுழைந்தது இதுவே முதல் தடவை. அவருடைய கண்ணும் நாக்கும் என்னுடையவற்றை விடக் கூர்மையானவை என்பதால், கீழே வரும் தீர்ப்புகளில் பாதிக்கு மேல் அவருடையவை.

விடுதியின் பெயரை நான் எழுதவில்லை. எட்டுப் பேர் மட்டும் வேலை செய்யும் இடத்தில் ஒரு குறையைச் சொன்னால், அது இன்னார் செய்த குறை என்று அடுத்த நாளே தெரிந்துவிடும். குறைகளை விட்டுவிட்டு எழுதவும் எனக்கு மனமில்லை. தவிர, ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை தொடங்கி அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல வரைக்கும் இப்படிப்பட்ட பங்களா விடுதிகள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தெரிவு செய்ய நினைப்பவர் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு வீட்டின் அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

‘பூட்டிக் ஹோட்டல்’ என்றுதான் இவை தம்மை அழைத்துக்கொள்கின்றன. இலங்கையின் பழைய ஆங்கிலத்தில் பூட்டிக் என்றால் தெருவோரத்துச் சில்லறைக் கடை. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வந்த சொல் அது. இப்போதைய ஆடம்பரப் பொருளை விட அந்தப் பழைய பொருளே இந்த வீட்டுக்குப் பொருந்துகிறது என்று எனக்குப் பட்டது. தோட்டத்துக் கடைக்குப் போனால், யார் வீட்டுப் பிள்ளை, யாருக்குச் சீனி கூடாது, யார் எப்போது கணக்கைத் தீர்ப்பார் என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். ஐந்து அறை விடுதியின் கவர்ச்சியும் அதுவேதான். முதல் நாள் மாலையில் அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டு படியேறியதைப் பார்த்த பணியாளர் தம்பி, யாரும் கேட்காமலே அடுத்த வேளைத் தேநீரை மேல் விறாந்தைக்குப் பதிலாகக் கீழ்த் திண்ணைக்குக் கொண்டுவந்தார். நூறு அறை கொண்ட நட்சத்திர விடுதியில் இதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருக்கும்.

பங்களாக்கள் விடுதிகளாக மாறிய கதை சுருக்கமானது. காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் அதன் திருத்தத்தாலும் 1972 முதல் 1975 வரையில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. தோட்டத்துக்குத் தேவைப்படாமல் போன பங்களாக்கள் சில இடிந்தன, சில குத்தகைக்குப் போயின. நாங்கள் தங்கியது இரண்டாவது வகை. வீடு நூறு வருடத்துக்கு மேல் பழையது என்பதைக் கருங்கல் சுவரின் தடிப்பைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். தகரக் கூரை, பலகைத் தரை, ஒவ்வோர் அறையிலும் ஒரு கணப்படுப்பு, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த வளைந்த சன்னல். புதுப்பித்தவர்கள் கூடத்தில் எதையும் இடிக்கவில்லை. கூரைக்கு உள்ளே குளிர் தடுக்கும் பலகை அடித்திருக்கிறார்கள், குளியலறைகளைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அந்தக் குளியலறையை அம்மா அடி வைத்து அளந்தார். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி. குளியலறை அதைவிட இரண்டு அடி நீளம். அளந்து முடித்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை; வெந்நீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்தார்.

முதல் இரவு வெந்நீர் சரியாக வரவில்லை. சூரிய வெப்பத்தில் சூடாகும் தாங்கியை நம்பியிருக்கிறார்கள். அன்று பிற்பகல் முழுவதும் புகார் மூடியிருந்ததால் தண்ணீர் இளஞ்சூட்டோடு நின்றுவிட்டது. சொன்னதும் இரண்டு வாளி வெந்நீரை விறகடுப்பிலிருந்து தூக்கிவந்து கொடுத்தார்கள், அடுத்த நாள் எரிவாயுச் சூடாக்கியை மாற்றி ஓடவிட்டார்கள். ஆனாலும், புகார் மூடுவது அப்புத்தளையில் எதிர்பாராத நிகழ்ச்சி அல்ல. இதை விருந்தினர் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்றிருக்கக் கூடாது.

படுக்கையைப் பற்றி மனம் நிறைந்து எழுத முடியும். மலைநாட்டு விடுதிகளில் நான் அதிகம் சலித்துக்கொள்வது ஈரத்தைப் பற்றித்தான்: கம்பளியில் பூஞ்சண வாடை, தலையணையில் கசிவு, அலுமாரிக்குள் பழைய குடையின் நாற்றம். இங்கே மாலை ஐந்து மணிக்கு அறைக் கணப்படுப்பை மூட்டி, கம்பளிகளை அதற்கு எதிரே விரித்துக் காயவைத்து, எட்டு மணிக்குப் பிறகே கட்டிலில் போடுகிறார்கள். இரவில் குளிர் பதினைந்து பாகை அளவுக்கு இறங்கி, காற்று தகரத்தைப் பிடித்து உலுக்கியபோதும் அம்மா ஒரே உறக்கமாக உறங்கினார். வேலைக்குப் போன காலத்தில் விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போக எழுந்த பழக்கத்தால் அவர் நாலரை மணிக்கு மேல் தூங்கி நான் பார்த்ததே இல்லை. இரண்டாவது நாள் காலை ஆறரைக்கு நான்தான் அவரை எழுப்பினேன்.

அந்த விடுதியில் என்னை மிகவும் ஈர்த்தது தேநீர். தேயிலை மலைக்கு நடுவே நல்ல தேநீர் கிடைப்பதில் என்ன அதிசயம் என்று வெளியூரவர் கேட்கக்கூடும். எங்களைப் போன்றவர்களுக்கு அது அதிசயம்தான். கொழும்பில் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு தொடங்கியது. அன்று முதல் நல்ல தேயிலை பெட்டியில் ஏறி மலையை விட்டு இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. லயத்துக்கு வந்தது மாதந்தோறும் பங்கு கொடுத்த தூள். அதைக் கறுக்கக் காய்ச்சி, சீனியையோ கருப்பட்டியையோ கடித்துக்கொண்டு குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். அந்தச் சாயத்தின் மேல் எனக்கு இன்றும் பிரியம் உண்டு. ஆனால் தாம் எடுத்த கொழுந்து கடைசியில் என்ன ருசியாக மாறுகிறது என்பதை அம்மா 37 வருடத்தில் ஒரு தடவையும் அறிந்ததில்லை.

நாங்கள் போயிருந்த ஆகஸ்ட், அப்புத்தளை அடங்கிய ஊவா மாகாணத்துத் தேயிலைக்கு உச்சப் பருவம். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி, உலர்ந்த காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் காற்றில் கொழுந்து வாடி வளர்ச்சி குறைகிறது. நிறை குறையக் குறைய வாசம் ஏறுகிறது. அந்த வாசத்தைத் தரும் சேர்மங்களில் ஒன்று மெதைல் சலிசிலேற்று. கை கால் நோவுக்குத் தடவும் தைலங்களில் சேர்க்கப்படுவதும் அதே பொருள்தான்.

சமையற்காரர் ஒரு பீங்கான் டீப்பொட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் தொடக் கூடாது என்று கையைக் காட்டிச் சொன்னார். ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கொழும்பில் ஊறுவதை விட இங்கே சற்று அதிக நேரம் ஊற வேண்டும் என்பதை அவர் படித்து அறியவில்லை, பழகி அறிந்திருக்கிறார். முதல் வாய் குடித்ததும் அம்மாவின் முகம் சுருங்கியது.

“சாயமே இல்லையே புள்ள. தண்ணி மாதிரி இருக்கு.”

நான் பதில் சொல்லவில்லை. அவர் சீனி போடாமல் இன்னொரு வாய் குடித்தார். பிறகு கோப்பையை மூக்கருகே பிடித்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தார்.

“கோடாலித் தைல வாசம் அடிக்குது. காத்து அடிக்கிற மாசத்துல தேயிலை அரைக்கிற ஸ்டோர் பக்கம் போனா இந்த வாசந்தான் வரும். வாசம் தெரியும், குடிச்சதில்ல.”

அருகில் நின்ற சமையற்காரர், “இது பீ.ஓ.பி. அக்கா, போன கிழமை அரைச்சது” என்று தேயிலையின் தரத்தைச் சொன்னார். அம்மா அன்று நாலு கோப்பை குடித்தார். இந்தப் பருவத் தேயிலையை விருந்தினருக்குக் கொடுக்கும் விடுதிகள் மிகக் குறைவு. வெள்ளித் தட்டில் வைத்துப் பையில் அடைத்த தேயிலையை நீட்டும் இடங்களில் நான் தங்கியிருக்கிறேன். பங்களா விடுதிக்கு அறை பதிவு செய்யும் எவரும், எந்தத் தோட்டத்துத் தேயிலை, எந்த மாதத்தில் அரைத்தது, தண்ணீரை எப்போது கொதிக்கவைக்கிறார்கள் என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டால், அந்த வீடு எப்படிப்பட்டது என்பதில் பாதி விளங்கிவிடும்.

சாப்பாட்டில் இரண்டு இரவுகளும் இரண்டு வேறு விடுதிகளில் சாப்பிட்டதைப் போல இருந்தன. முதல் இரவு, அச்சடித்த பட்டியலின்படி ஐந்து வகை. முதலில் வந்த சூப்பின் பெயர் முலிகட்டானி. எங்கள் மிளகுத்தண்ணீர்தான் ஆங்கிலேயர் வாயில் அப்படித் திரிந்தது. துரை வீட்டுக் குசினியில் தேங்காய்ப்பாலும் கோழியும் சேர்ந்து, இப்போது வெள்ளைக் கோப்பையில் எங்கள் முன்னால் வந்து நின்றது. அது நன்றாகவே இருந்தது. அதன் பின் வந்த வாட்டிய கோழியும், அவித்த கரட்டும் போஞ்சியும், வெள்ளைச் சோஸும் உப்புக் குறைந்து, உறைப்பே இல்லாமல், யாரையும் நோகடிக்கக் கூடாது என்ற ஒரே கவலையோடு சமைத்ததாகத் தோன்றின. அம்மா கோழியை ஒதுக்கிவிட்டுப் பாணைச் சூப்பில் தோய்த்துச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் காலை குசினிக்குப் போய், “தம்பி, ராத்திரிக்கு ரொட்டி சுடுவீங்களா?” என்று அவரே கேட்டார். சமையற்காரரின் தகப்பனாரும் பங்களா அப்புவாக, அதாவது துரை வீட்டுச் சமையற்காரராக, இருந்தவராம். துரைக்கு ஒரு சமையல், பின்கட்டில் தமக்கொரு சமையல் என்று இரண்டையும் பார்த்து வளர்ந்திருக்கிறார். அன்று இரவு வந்த சாப்பாட்டை நான் சுலபத்தில் மறக்க மாட்டேன். விறகடுப்பில் தகட்டில் சுட்ட தடித்த தேங்காய் ரொட்டி, மாசி இடித்த கட்டச் சம்பல், மரத்தக்காளியைச் சுட்டுப் பிசைந்த சட்னி, நெத்தலிக் கருவாட்டுத் துவட்டல், லீக்ஸ் வறை, பின்தோட்டத்தில் பறித்த வல்லாரைச் சம்பல், கடைசியில் சீனி தூவிய பட்டர்புரூட். முதல் நாள் எங்கள் மேசைக்கு அருகே ஒரு சொல்லும் பேசாமல் நின்ற சமையற்காரர், அன்று ஒவ்வொரு ரொட்டியையும் தாமே கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மா வாயில் போடும் வரைக்கும் நின்று பார்த்தார். பக்கத்து மேசையில் இருந்த ஜெர்மனியத் தம்பதியர் தங்கள் பட்டியலை மூடி வைத்துவிட்டு, இதையே தங்களுக்கும் கேட்டார்கள். இவ்வளவு கை தேர்ந்த ஒருவர் குசினியில் இருக்கும்போது, அவருடைய சிறந்த சமையல் பட்டியலில் இடம்பெறாமல், கேட்டவருக்கு மட்டும் பின்கதவால் கிடைப்பது பெரும் தவறு. முகாமையாளரிடம் இதைச் சொன்னேன். வெளிநாட்டவருக்கு உறைப்புத் தாங்காது என்றார். உறைப்பைக் குறைப்பதற்கும் உணவையே மறைப்பதற்கும் வேறுபாடு உண்டு என்று நான் திருப்பிச் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

இந்த வீட்டை நான் மெச்சுவதற்கு இன்னொரு காரணம், அங்கே இல்லாத ஒன்று. மலைநாட்டில் பல இடங்களில் விருந்தினருக்குச் சேலை உடுத்தி, தலைக்கயிற்றில் கூடையை மாட்டி, தேயிலைச் செடிக்கு நடுவே நிற்கவைத்துப் படம் எடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. நாளுக்குப் பதினெட்டுக் கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம், என்று ஓடிய கால்கள் எங்கள் வீட்டில் இருப்பதால், அந்தப் படங்களை என்னால் பார்க்க முடிவதில்லை. இங்கே அது கிடையாது. அதற்குப் பதிலாக, ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் காலை ஏழு மணிக்கு விருந்தினரை மலைக்குள் அழைத்துப் போகிறார். எட்டு மணிக்கு முன் வானம் தெளிந்திருந்தால் தெற்கே உடவளவை நீர்த்தேக்கமும் அதற்கப்பால் கடலோரத்துக் கோடும் தெரியும். பத்து மணியளவில் புகார் கீழிருந்து ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். நாங்கள் போன அன்று தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அம்மாவும் கங்காணியாரும் கடலைப் பார்க்கவில்லை. இந்த மலையில் செடிகளின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டி எத்தனை வருடம், ஏன் இன்னும் வெட்டவில்லை, ஏழு நாளைக்கு ஒரு தடவை எடுக்க வேண்டிய மலையில் கொழுந்து முற்றி நிற்கிறதே, ஆள் இல்லையா என்று பேசிக்கொண்டு போனார்கள். பின்னால் வந்த ஜெர்மனியப் பெண் அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று என்னிடம் கேட்டு, நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்கக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அவ்வளவு தெரிந்தவர்கள் இருக்கும் வீட்டில் சுவர்கள் மட்டும் ஊமையாக இருக்கின்றன. கூடம் முழுவதும் பழைய படங்கள்: குதிரையோடு துரை, டெனிஸ் மட்டையோடு துரைசானி, கிளப்பில் கூடிய கனவான்கள். ஒவ்வொன்றின் கீழும் பெயரும் ஆண்டும் உண்டு. கொழுந்துக் கூடையோடு முப்பது பெண்கள் வரிசையாக நிற்கும் ஒரே ஒரு படம் உணவறைக்குப் போகும் வழியில் தொங்குகிறது. அதன் கீழே தொழிலாளர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் மட்டும். அந்தப் பெண்களின் பெயர்களை இனிக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கலாம், ஆனால் அந்தப் படத்தின் பின்னணியில் தெரியும், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை எது, அந்த மலைக்குத் தமிழில் என்ன பெயர் என்பதைக் கங்காணியார் ஒரே பார்வையில் சொன்னார். கோயில் மலையாம். அறையில் வைத்திருக்கும் தகவல் புத்தகமும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் எட்டுப் பேரில் ஆறு பேர் தமிழர். மற்ற இருவரும் தமிழ் பேசுகிறார்கள். தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கம் சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்நாட்டவர் கட்டணமாக, இருவருக்குக் காலை உணவும் இரவுணவும் சேர்த்து ஓர் இரவுக்கு 42,000 ரூபாய் எடுத்தார்கள். எங்களுக்கு அது பெரிய தொகை; ஒரு வருடம் சேர்த்துவைத்தே போனோம். பத்து வீத சேவைக் கட்டணம் யாருக்குப் போகிறது என்று கேட்டேன். தோட்டவேலை செய்பவர் உட்பட எட்டுப் பேருக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது என்று இரண்டு பேர் தனித்தனியே சொன்னார்கள். கடைசி இரண்டு கிலோமீற்றர் பாதை கல்லும் குழியுமாக இருப்பதால் முச்சக்கரவண்டிக்காரர்கள் ஏற மறுப்பார்கள். அப்புத்தளை நிலையத்துக்கு விடுதியின் வாகனத்தை வரச்சொல்வது நல்லது. கொழும்பிலிருந்து பதுளை ரயிலில் வந்தால் 1,890 மீற்றருக்கு மேலுள்ள பட்டிப்பொலையைக் கடந்து, சுரங்கங்களுக்குள் புகுந்து வெளிவந்து, அப்புத்தளையில் இறங்கும்போது நாளின் பெரும்பகுதி கழிந்திருக்கும்; ஆகவே ஓர் இரவு மட்டும் தங்குவதில் பயனில்லை. 1931இல் கட்டி முடித்த அடிஷம் மாளிகை பக்கத்தில் இருக்கிறது, லிப்டன் இருக்கை என்ற மலைக் காட்சிமுனைக்கும் வண்டி ஏற்பாடு செய்வார்கள். இரண்டு நாள் மட்டும் இருப்பவர்கள் இவற்றை விட்டுவிட்டு விறாந்தையில் உட்கார்ந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

வயதானவர்களோடு போகிறவர்கள் கீழ்த் தளத்தில் குசினிக்கு அடுத்ததாக உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து அறைகளில் அதுவே சிறியது, காட்சியும் குறைவு, அதனால் கடைசியாகத்தான் கொடுப்பார்கள். ஆனால் விறகடுப்பின் சுவர் அந்த அறையின் சுவராகவும் இருப்பதால் விடியும் வரை சூடு நிற்கும், படியும் ஏற வேண்டாம். இரண்டாவது இரவு நாங்கள் அங்கேதான் மாறிப் படுத்தோம். காலையில் நான் கண்விழித்தபோது அம்மா கட்டிலில் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை, பொறுங்கள் என்று அவர் சமையற்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.